சுரங்கம் மூடிவிட்டது, ஆட்டம் நடக்கிறது: ஃப்ளின் ஃப்ளான் ஊருக்கு ஒரு திறந்த மடல்

ஃப்ளின் ஃப்ளான் நகர மன்றத்தினருக்கும், பாம்பர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியை நடத்தி வருகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஊரில் நான்கு குளிர்காலம் இருந்தவன் நான். வேலைக்காக வந்தேன், வேலை முடிந்ததும் வின்னிப்பெக் திரும்பிவிட்டேன். ஐஸ் ஹாக்கி நான் பார்த்து வளர்ந்த ஆட்டம் இல்லை. முதல் தடவை அணியின் ஆட்ட அரங்கமான விட்னி ஃபோரத்தில் வந்து உட்கார்ந்தபோது, மட்டையால் அடிக்கும் பக் என்ற ரப்பர் வட்டு எந்தப் பக்கம் போகிறது என்பதே கண்ணுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர்தான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன், மனதில் இருப்பதை முழுசாகச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் வசப்படுகிறது. ஆங்கிலத்தில் பெயர்த்து உங்களுக்கும் அனுப்பிவைக்கிறேன். தமிழில் படிப்பவர்களுக்காக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்தது ஒன்றுதான். பாம்பர்ஸ் அணியின் வரலாற்றை, அந்த அணியைச் சுமந்தவர்களின் வாயாலேயே சொல்லவைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்.

பழைய படங்களைத் திரட்டி இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் ஊர்க்காரர்களைப் பற்றித் தெரியும். இரவு இரவாக உட்கார்ந்து அவற்றைப் பார்த்திருக்கிறேன், நன்றி. ஆனால் படத்தில் இருப்பவர் அன்று காலை எத்தனை மணிக்குச் சுரங்கத்துக்குள் இறங்கினார் என்று படம் சொல்லாது.

கனடாவில், மனிடோபா மாநிலத்தின் வட மேற்கில், சாஸ்கட்செவன் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஊர் ஃப்ளின் ஃப்ளான். ஊரின் ஒரு துண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. மண் என்று சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் பாறை. கழிவுநீர்க் குழாயைப் புதைக்க வழியில்லாமல் மரப்பெட்டி கட்டித் தரைக்கு மேலேயே கொண்டுபோன தெருக்கள் உண்டு. அந்தப் பெட்டிகளே பல இடங்களில் நடைபாதையும் ஆயின. ஊரின் பெயர்கூட ஒரு மலிவுவிலைக் கதைப்புத்தகத்தின் நாயகன் பெயர்தான். டாம் கிரெய்டன் என்ற தாதுத் தேடியும் கூட்டாளிகளும் 1915 வாக்கில் இங்கே தாதுவைக் கண்டார்கள். எப்போதோ படித்த கதையில், பாதாளத்துக்குள் இறங்கிப் பொன் நகரைக் கண்ட ஃப்ளின்டபாட்டி ஃப்ளோனாட்டின் அவர்கள் நினைவுக்கு வந்தான். அவன் பெயரைச் சுருக்கி இந்த இடத்துக்கு வைத்துவிட்டார்கள்.

ஹட்சன் பே மைனிங் அண்ட் ஸ்மெல்ட்டிங் கம்பெனி தொடங்கியது 1927-ல். பாம்பர்ஸ் அணி தொடங்கியதும் அதே 1927-ல். ரயில் பாதை வந்து சேருவதற்கு முன்பே ஊருக்கு ஹாக்கி அணி வந்துவிட்டது! முதலில் பெரியவர்கள் ஆடும் அணியாகத்தான் இருந்தது. பிறகு டெட்ராய்ட்டின் தொழில்முறை அணியில் கார்டி ஹோவுடனும் டெட் லின்ட்சேயுடனும் ஒரே வரிசையில் ஆடிப் புகழ்பெற்ற சிட் ஏபெல், 1937-38 சீசனில் இங்கே ஆடியவர். பதினாறிலிருந்து இருபது வயது வரையுள்ள பையன்கள் ஆடும் ஜூனியர் அணியாகப் பாம்பர்ஸ் பேர் வாங்கியது அதற்கப்புறம்.

1957-க்கு வருகிறேன். மெமோரியல் கோப்பை என்றால் கனடாவின் ஜூனியர் ஹாக்கியில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. அந்த ஆண்டு இறுதித் தொடருக்குக் கிழக்கிலிருந்து வந்த அணி ஒட்டாவா கனடியன்ஸ். மான்ட்ரியல் கனடியன்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் பிள்ளை அணி அது. நடத்தியவர் சாம் பொல்லாக், உடன் இருந்தவர் ஸ்காட்டி போமன். இருவருமே பின்னாளில் தொழில்முறை ஹாக்கியின் சரித்திரத்தில் இடம்பெற்றவர்கள். எதிரே நின்றது பாபி கிர்க் பயிற்சியில், டெட் ஹாம்ப்சன் தலைமையில் ஒரு சுரங்க ஊரின் அணி. ஏழு ஆட்டத் தொடர், ஃப்ளின் ஃப்ளானிலும் ரெஜைனாவிலுமாக நடந்தது. மூன்றுக்கு மூன்று என்று சமமாகி, ஏழாவது ஆட்டம் வரை போய், நாலுக்கு மூன்று என்று பாம்பர்ஸ் வென்றது.

அன்று ஆடிய பையன்களுக்கு இருபது வயதையொட்டி இருக்கும். இன்றைக்கு இருப்பவர்கள் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருப்பார்கள். ஏழாவது ஆட்டத்துக்கு முந்தின இரவு யார் தூங்கினார்கள், யார் தூங்கவில்லை, ரெஜைனாவிலிருந்து கோப்பையோடு திரும்பி வந்தபோது ரயிலடியில் யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இல்லை. அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. நான் அவசரப்படுவதற்கு முதல் காரணம் இது.

அந்த 1957 அணியில் ஆடிய ஒருவர், பேடி ஜின்னல், அறுபதுகளில் அதே அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அவரிடம் வந்து சேர்ந்த உள்ளூர்ப் பையன் பாபி கிளார்க். அப்பா சுரங்கத் தொழிலாளி. பையனுக்கு மெல்லிய உடம்பு, கண்ணாடி வேறு. பதின்வயதிலேயே நீரிழிவு வந்து இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தான். 1967-68 சீசனில் 59 ஆட்டங்களில் 51 கோல் அடித்து, 117 கோல்களுக்குப் பந்தி வைத்தான். (பந்தி என்று நான்தான் சொல்கிறேன். தன் அணிக்காரன் கோல் அடிக்கும்படி பக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.) அவன் கொடுக்கக் கொடுக்க, அதே அணியில் கூட நின்று அடித்துத் தள்ளியவன் ரெஜி லீச். அதே சீசனில் அவன் கணக்கு 87 கோல்.

இந்த இருவரும் வென்ற கோப்பைகளை யாரும் எழுதிவிடலாம். எனக்குப் பிடிபடாமல் இருப்பது சுரங்கத்தின் பங்கு. அணியின் பையன்களுக்குக் கம்பெனி வேலை கொடுத்தது, பயிற்சிக்கு நேரமும் விட்டுக்கொடுத்தது என்று கேட்டிருக்கிறேன். காலையில் கம்பெனிக்குள், மதியத்துக்கு மேல் பனித்தளத்தில். சரி, அந்தப் பையன் பாதியில் விட்டுப்போன வேலையை யார் முடித்தார்கள்? பக்கத்தில் நின்ற தொழிலாளி முணுமுணுத்தாரா, போய் ஜெயித்து வா என்று அனுப்பிவைத்தாரா? 1971-ல் சுரங்கத்தில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்ததே, சம்பளம் இல்லாத அந்த வீடுகளிலிருந்து ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? கதவைத் திறந்துவிட்டார்களா, டிக்கெட் வாங்கினார்களா? ஒரு ஊரும் ஒரு அணியும் ஒன்றையொன்று எப்படித் தாங்கின என்பதற்கான பதில் இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது.

கிளார்க்குக்கு நீரிழிவு என்பதால் தொழில்முறை அணிகள் தயங்கும் என்று ஜின்னலுக்குத் தெரிந்திருந்தது. பையனைக் கையோடு அமெரிக்காவில் உள்ள மேயோ கிளினிக்குக்கு அழைத்துப்போனார். உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் தாராளமாக ஆடலாம் என்று அங்கே சொன்னதை, ஆள் தேடி வந்தவர்களிடம் எடுத்துக் காட்டினார். அப்படியும் 1969-ல், தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றில் ஒருவரும் அவனை எடுக்கவில்லை. இரண்டாம் சுற்றில், 17-வது ஆளாக ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் எடுத்தது. அந்த அணிக்குத் தலைவனாகி 1974, 1975 இரண்டு ஆண்டும் தொழில்முறை ஹாக்கியின் உச்சமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினான். மூன்று முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. மருத்துவமனை வாசலில் ஒரு சின்ன ஊர்க் கோச், யாரோ பெற்ற பிள்ளைக்காகக் காத்து நின்றதை நினைத்தால் எனக்கு அந்தக் கோப்பைகளைவிட அது பெரிதாகத் தெரிகிறது.

இதில் இன்னொரு ஆற்றாமையும் உண்டு. 1969-லும் 1970-லும் பாம்பர்ஸ்தான் மேற்குக் கனடா ஜூனியர் லீகின் சாம்பியன். ஆனால் அந்த லீகுக்கும் தேசிய ஹாக்கிச் சங்கத்துக்கும் நடந்த சண்டையில் அதன் அணிகள் மெமோரியல் கோப்பைக்கு ஆட முடியாமல் போனது. லீகை வென்ற அந்த இரண்டு ஆண்டும் பாம்பர்ஸுக்கு 1957-ஐத் திரும்பச் செய்யும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. மேலே இருப்பவர்கள் போட்ட சண்டைக்குக் கீழே பையன்கள் கொடுத்த விலை இது. அப்போதைய வீரர்கள் இதைப் பற்றி மனம் விட்டுப் பேசட்டும்.

ரெஜி லீச் விஷயத்தில் உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்தவர், ரிவர்ட்டன் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். இரவல் ஸ்கேட்டில் ஆடப் பழகியவர். 1976-ல் ஃப்ளையர்ஸ் ஸ்டான்லி கோப்பையை இழந்தபோதும், சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியில் இருந்த அவருக்குத்தான் கிடைத்தது, 19 கோல் அடித்திருந்தார். குடிப்பழக்கம் தன் வாழ்க்கையை எப்படித் தின்றது என்பதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார், 1985-லிருந்து குடியை விட்டவர், பழங்குடி இளைஞர்களிடம் ஊர் ஊராகப் போய் இதைச் சொல்கிறவர். அவர் பாம்பர்ஸில் இருந்த நாட்களைப் பதிவு செய்யும்போது கோல்களோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டைவிட்டு வந்த ஒரு பழங்குடிப் பையனுக்கு அறுபதுகளின் சுரங்க ஊர் எப்படி இருந்தது, யார் அன்பாக இருந்தார்கள், யார் இல்லை என்பதையும் கேளுங்கள். அவரைப் போலவே பேர் தெரியாமல் வந்து ஒரு சீசன் ஆடிவிட்டுப் போன மற்றப் பழங்குடிப் பையன்களையும் தேடிப் பிடியுங்கள். கேட்கக் கசப்பாக இருக்கலாம். இருந்தாலும் கேளுங்கள்.

அப்புறம் 1978. இதைப் பற்றி உங்கள் ஊரில் யாரும் நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மேற்கு லீக் பெரிதாகி, பெரிய நகரங்கள் உள்ளே வந்துவிட்டன. பசிபிக் கடலோரத்து விக்டோரியாவில் ஆட வேண்டுமென்றால் இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சில ஆயிரம் பேர் உள்ள ஊரின் டிக்கெட் காசு அதற்கு எப்படிக் கட்டும்? அந்த ஆண்டு அணி எட்மன்டனுக்குப் போய்விட்டது. அங்கே ஒரே சீசன். அதற்கடுத்து மொன்டானாவில் கிரேட் ஃபால்ஸ் போய், சீசன் பாதியிலேயே மூடிவிட்டது. வேரோடு பிடுங்கி நட்டது அங்கேயும் பிடிக்கவில்லை.

அணி போன பிறகு வந்த முதல் குளிர்காலம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டபோது, ஃபோரத்தில் எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை கால் தானாக அந்தப் பக்கம் நடந்ததாகச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து அவர் காலமாகிவிட்டார்.

பெரிய லீகை இழந்த பிறகும் ஊர் ஹாக்கியை விடவில்லை. 1984-ல் பாம்பர்ஸ் சாஸ்கட்செவன் ஜூனியர் லீகில் சேர்ந்தது. ஊர் மனிடோபாவில், லீக் சாஸ்கட்செவனில்! 1993-ல் அந்த லீகின் பட்டத்தையும் வென்றது. அதற்குப் பிறகு இறுதிச்சுற்று வரை போய்க் கோப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பிய ஆண்டுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஊரே ஃபோரத்துக்குள் இருந்தது. முக்கியமான ஆட்டத்தில் வென்றால் பனித்தளத்தில் மூஸ் காட்டுமானின் கால் ஒன்று வந்து விழும். முதலில் பார்த்தபோது பதறிப்போனேன். வேட்டை நடக்கும் ஊரில் அதுவும் ஒரு படையல்தான் என்று பிறகு புரிந்தது.

இந்த லீகின் பஸ் பயணங்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். பக்கத்து ஊரான கிரெய்டனைத் தாண்டினால் ஹேன்சன் ஏரிச் சாலை, இரு பக்கமும் காடு, மணிக்கணக்கில் ஒரு வெளிச்சம் கண்ணில் படாது. அமெரிக்க எல்லையோரம் உள்ள எஸ்டெவனுக்குப் போவதென்றால் பகல் முழுக்க பஸ். 2018 ஏப்ரல் 6-ம் தேதி இதே லீகின் ஹம்போல்ட் பிராங்கோஸ் அணி, பிளேஆஃப் ஆட்டத்துக்காக நிபாவின் போகும் வழியில் நாற்சந்தியில் லாரியோடு மோதியது. பஸ்ஸில் இருந்த 29 பேரில் 16 பேர் இறந்துபோனார்கள். கனடா முழுக்க வீட்டு வாசலில் ஹாக்கி மட்டையைச் சாத்தி வைத்தார்கள். பாம்பர்ஸ் பஸ்ஸை ஓட்டிய டிரைவர்களில் ஒருவரைக்கூட யாரும் உட்காரவைத்துப் பேசவைத்ததாக நான் கேள்விப்படவில்லை. பனிப்புயலில் இருபத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பின்னால் தூங்கவைத்துக்கொண்டு விடிய விடிய ஓட்டியவருக்குத் தெரிந்த அணியின் கதை வேறு யாருக்குத் தெரியும்?

பில்லட் அம்மாக்களும் அப்படித்தான். வெளியூரிலிருந்து வரும் பையனுக்குத் தன் வீட்டில் அறை ஒதுக்கி, சீசன் முழுக்கச் சோறு போட்டு, துணி துவைத்து, பள்ளிக்கூடத்துக்கு எழுப்பி அனுப்பும் குடும்பத்துக்குப் பில்லட் என்று பெயர். நான் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா இருபது ஆண்டுக்கு மேல் பையன்களை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை இரவு பையன் தன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம், ஆனால் அந்தக் காலத்தில் வெளியூர்ப் பேச்சுக்குக் காசு அதிகம். அதனால் முட்டை வேகவைக்கும் மணல் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துவிடுவாராம். மணல் இறங்கியதும் பேச்சை முடிக்க வேண்டும். ஒரு பையனின் தாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனது. அந்தப் பையன் பேசும்போது மட்டும் இவர் அடுப்படியிலிருந்து சத்தமில்லாமல் வந்து, மணல் தீர்வதற்குள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போவாராம். அவன் எத்தனை கோல் அடித்தான் என்பது எங்கேயாவது பதிவாகி இருக்கும். இது எங்கே இருக்கிறது?

சுரங்கத்தின் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2010-ல் உருக்காலை நின்றது. 2022 ஜூனில் 777 என்ற பெயருள்ள சுரங்கமும் மூடியது. பிழைப்பைத் தேடிக் குடும்பங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு வீடு காலியாகும்போது கட்டிலும் பீரோவும் வண்டியில் ஏறுகின்றன, பரணில் கிடக்கும் அணிக் கோட்டும் நிகழ்ச்சிப் புத்தகமும் குப்பைக்குப் போகின்றன.

2025 மே மாதக் கடைசியில் காட்டுத்தீ வந்தது. சுமார் ஐயாயிரம் பேரையும் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். நான் வின்னிப்பெக்கில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டு அம்மாவின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து டெனாரே பீச்சில் ஏராளமான வீடுகள் சாம்பலாயின. ஃப்ளின் ஃப்ளான் தப்பியது, ஜூன் கடைசியில் மக்கள் திரும்பினார்கள். அந்த நான்கு வாரமும் என் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது விட்னி ஃபோரத்தின் சுவர்தான். கூரையில் தொங்கும் பட்டக்கொடிகள், சுவரில் வரிசையாகச் சிரிக்கும் பையன்கள். காற்று கொஞ்சம் திசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? படங்களுக்காவது எங்கேயோ நகல் இருக்கும். ஊரைவிட்டு வெளியேறிய முதியவர்களில் எத்தனை பேர் அலைச்சலில் உடம்பு தளர்ந்து திரும்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். நகர மன்றம் ஒரு அறையும் ஒரு பொறுப்பாளரும் கொடுக்கட்டும். அணியின் இப்போதைய பையன்களே கேள்வி கேட்கப் போகலாம், பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். பதினேழு வயதுப் பையன் எதிரே உட்கார்ந்து கேட்டால், எழுபது ஆண்டுக்கு முன் அதே சட்டையைப் போட்டிருந்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். க்ரீ, ஓஜிப்வே பேசுகிறவர்கள் அவரவர் மொழியிலேயே பேசட்டும். பதிவின் ஒரு நகல் ஊரில் இருக்கட்டும், இன்னொன்று கட்டாயம் ஊருக்கு வெளியே, தீ எட்டாத இடத்தில் இருக்கட்டும். தோற்றதையும் சண்டையையும் யாரும் வெட்டிவிட வேண்டாம்.

என்னால் ஆனதைச் சொல்லிவிடுகிறேன். இந்த சீசனில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன், நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கிவிட்டேன், வேலை முடிந்ததும் அது உங்கள் அறையிலேயே இருக்கட்டும். முதல் ஆளும் தயார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பித்தார், அப்புறம் நாற்பது நிமிடம் பேசினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: ஆட்டம் இருக்கும் நாளில் வரக் கூடாதாம்.

அன்புடன்,
உங்கள் ஊரில் நான்கு குளிர்காலம் இருந்த ஒரு தமிழன்,
வின்னிப்பெக்